கடல்பக்கத்துக் கோல்

விழுந்தேன் தங்கச்சி. வேணும்னுதான் விழுந்தேன். நீங்க ஏறுனதுல இருந்து என் முட்டியையே பாத்துக்கிட்டு வாரீங்க, கேக்கவும் கூச்சப்படுதீங்க, அதான் நானே சொல்லிட்டேன். வண்டியில இருந்து விழல, குடிச்சுட்டு வந்து யாரும் தள்ளிவிடல. புட்பால்ல விழுந்தது. நான் கோல்கீப்பர். மாதாபட்டணம் பொம்பளைங்க டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். சிரிக்கணும்னா சிரிச்சிக்கிடுங்க, டிக்கெட் குடுத்த கண்டக்டரும் சிரிச்சுட்டுத்தான் போனான். கால மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க, இத நீட்டிக்கிடுதேன். மடக்குனா உயிர் போவுது.

எக்ஸ்ரே எடுத்தாச்சு. எலும்புக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஞாயித்துக்கெழமை சீசன் ஆரம்பிக்குது, நான் நிக்கலாமான்னு கேட்டேன். நிக்கலாம், கீழ விழாம பாத்துக்கிடுங்கன்னாவ. கோல்கீப்பர் விழாம வேற என்ன செய்ய? சரிங்கன்னுட்டு வந்துட்டேன்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? அப்ப நேரம் கெடக்கு. நான் ஒரு விசயம் சொல்லுதேன், கேட்டுட்டு நீங்க நியாயம் சொல்லணும். எங்க ஊர்ல யார்கிட்டயும் நியாயம் கேக்க முடியாது. எல்லாரும் அவ பக்கம். அவன்னா என் தம்பி பொண்டாட்டி, ஜெனோவா. அவளப் பத்தி நான் ஒரு குறை சொல்லமாட்டேன், நல்ல பிள்ளதான். நல்ல பிள்ளையா இருக்கதுதான் எனக்குப் பிரச்சனையே.

மொதல்ல என் கதைய ரெண்டு வார்த்தையில சொல்லிருதேன். நான் கட்டிக் குடுத்துப் போயி, கொஞ்ச வருசம் இருந்துட்டு, திரும்பி வந்தவ. அந்த மனுசன் துபாய்க்குப் போனாரு. மொதல்ல வாரம் தவறாம போன் பண்ணுனாரு, பொறவு மாசத்துக்கு ஒருக்க, பொறவு நம்பரையே மாத்திட்டாரு. நான் அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். வாழாவெட்டின்னு எங்க ஊர்ல மூஞ்சிக்கு நேர யாரும் சொல்லமாட்டாவ. மரியாதப்பட்ட ஊரு. நான் மீன் ஏலக்கூடத்துக்குள்ள நுழைஞ்சா பேசிக்கிட்டு இருக்கதை நிறுத்திட்டு, ‘வா பிரகாசி, சாளை என்ன வெலைக்குப் போச்சு’ன்னு கேப்பாவ. எல்லாருக்கும் தெரிஞ்ச வெலையத்தான் கேப்பாவ.

அப்பதான் எங்க கோயில்ல இருந்த ஃபாதரு ஒருத்தரு பொம்பளைங்களுக்கும் புட்பால் டீமுன்னு ஆரம்பிச்சாரு. எங்க கடக்கரையில ஆம்பளைங்க பொறக்கும்போதே பந்தோடதான் பொறப்பானுவ. பொம்பளைங்க ஆடுதது அவனுவளுக்குச் சிரிப்பு. ஆனாலும் சேந்தோம். எல்லாவளுக்கும் ஓடணும், பந்தைத் தட்டணும், கோல் போட்டுக் கையைத் தூக்கணும். கோல்ல நிக்க மட்டும் ஒருத்தியும் வரல. பந்து நெஞ்சுல அடிக்கும், மூஞ்சியில அடிக்கும், மண்ணுல விழுந்து பொறளணும். நான் நிக்கேன்னேன். எனக்கு அடி புதுசா என்ன? அன்னைக்கு நின்னவதான், எட்டு வருசம் ஓடிப் போச்சு. அந்த ரெண்டு கம்புக்கு நடுவுல நிக்கும்போது, தங்கச்சி, நான் இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு விட்டுட்டுப் போனவன்னு ஒரு பேச்சும் இல்ல. ‘பிரகாசி, பந்து, பந்து’ன்னுதான் கத்துவாளுவ. என் பேரும் பந்தும், அவ்வளவுதான். வீட்டுல தம்பிக்கு ஒரு அறை உண்டு, அம்மாவுக்கு ஒரு கட்டில் உண்டு. எனக்குன்னு இருந்தது அந்த ரெண்டு கம்பு. அத ஒருத்திகிட்ட எடுத்துக் குடுன்னா யாராச்சும் குடுப்பாவளா?

எங்க மைதானத்தப் பத்திச் சொல்லணும். புல்லு கில்லுன்னு நெனைச்சிராதீங்க. கடக்கரை மண்ணு. ஒரு கோலுக்குப் பின்னால கோயில் மதிலு, இன்னொரு கோலுக்குப் பின்னால கடலு. கோடும் கெடையாது, போட்டா ஒரு காத்துக்கு அழிஞ்சிரும். அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. பந்து கோல்ல ஏறாம ஓரமா கடலப் பாத்து ஓடுச்சுன்னா, யாரு பக்கத்துல நிக்காளோ அவ கையால எடுத்துரலாம். யாரும் தப்பு சொல்லமாட்டாவ. எடுக்கலன்னா அலை இழுத்துட்டுப் போயிரும், வள்ளம் தள்ளித்தான் மீட்டுட்டு வரணும். ஒருதடவ போன பந்து மறுநா பக்கத்து ஊர்க்காரன் வலையில ஏறி, அவன் தரமாட்டேன்னு ரெண்டு ஊருக்கும் சண்டையாவப் பாத்துது.

இப்ப ஜெனோவாவுக்கு வாரேன். என் தம்பி அமலன் ரொம்ப நாள் கல்யாணமே வேண்டாம்னு இருந்தவன். போன திருவிழா முடிஞ்ச கையோட பண்ணி வச்சோம். நான்தான் பொண்ணு பாத்தேன், அதையும் சொல்லிக்கிடுதேன். நெடுநெடுன்னு இருப்பா, எங்க வீட்டு நிலையில குனிஞ்சுதான் நுழையணும். வந்த வாரமே அடுக்களை அவ கைக்குப் போச்சு. நான் வைக்குத குழம்புல புளி கூடுதலாம். அத அவ சொல்லல, எங்கம்மா சொன்னா. அவ வச்ச குழம்ப ஊத்திச் சாப்புட்டுக்கிட்டே, ‘ஏட்டி பிரகாசி, இத்தன வருசம் நான் என்னத்தத் தின்னேன்னே தெரியல’ன்னா. பெத்த தாய் பேசுத பேச்சா இது? அடுக்களை போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்.

பொறவு ஒருநா வந்து நிக்கா. ‘மைனி, நானும் ஆட வரட்டா?’ங்கா. புருசனுக்கு அக்கான்னு என்னைய மைனின்னுதான் கூப்புடுவா. புதுப்பொண்ணு ஆசைப்பட்டுக் கேக்கா, வேண்டாம்னு சொன்னா நாத்துனா கொடுமைன்னு ஊரு பேசும். சரி வான்னேன். அப்ப சீசன் முடிஞ்சு, அடுத்த சீசனுக்குத் தயார் பண்ணுத நேரம். விடிஞ்சதும் வள்ளம் கரைக்கு வாரதுக்கு முந்தி நாங்க பிராக்டிஸ் முடிச்சிரணும், பொறவு மீன் எடுக்கப் போவணும். உள்ளதச் சொல்லுதேன், எனக்கு இந்தப் பிராக்டிஸே ஆவாது. மேச்சுன்னா மலை மாதிரி நிப்பேன். பிராக்டிஸுல எல்லாவளும் வரிசையா நின்னு மாத்தி மாத்தி அடிப்பாளுவ. விழுந்து விழுந்து எந்திரிக்கணும். தவறுன பந்துக்கு அலைக்குள்ள ஓடணும். சீசனுக்கு ஒடம்ப வச்சிருக்க வேண்டாமா?

அதனால நான் என்ன செஞ்சேன், ஜெனோவாவ அந்தக் கடல்பக்கத்துக் கோல்ல கொண்டு நிறுத்துனேன். ‘ஆட்டம் படிக்கணும்னா மொதல்ல இங்க நிக்கணும்’னு சொன்னேன். நான் ஒரு மீன் கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டேன். மேப்பார்வைக்கும் ஒரு ஆளு வேணும்லா.

ரெண்டு நாள்ல ஓடிருவான்னு பாத்தேன். ஓடல. சிரிச்சுக்கிட்டே நிக்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. டெய்சியக் கூப்புட்டேன். டெய்சி எங்க கேப்டன், பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்குதவ, அவ காலு உலக்கையாக்கும். ‘ஏட்டி, இன்னும் கிட்ட வந்து அடி. பூப்போட வந்தியா, பந்தடிக்க வந்தியா?’ன்னேன். கிட்ட வந்து அடிச்சா. ஜெனோவா நெஞ்சுல வாங்குனா, தோள்ல வாங்குனா, மூக்குல ரத்தம் வந்துது. கடல் தண்ணியில கழுவிட்டு வந்து, ‘அடிங்கக்கா’ங்கா. ரெட்டை ரெட்டையா பந்தை அடிக்கச் சொன்னேன். அதையும் பிடிக்கா. வாய்விட்டு ‘இனி என்னால ஆவாது மைனி’ன்னு ஒரு வார்த்த சொன்னா நான் விட்டுருவேன். சொல்லமாட்டேங்கா. கொஞ்ச நாள்ல அவளத் தாண்டி ஒரு பந்து கடலுக்குப் போவல. அலைதான் சும்மா வந்து வந்து பாத்துட்டுப் போவுது.

அப்ப டெய்சி என்கிட்ட வந்து மண்ணக் கிண்டிக்கிட்டே நின்னா. என்னட்டின்னேன். ‘யக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த சீசனுக்கு ஜெனோவா நிக்கட்டும்’னா.

நல்லாக் கேளுங்க. அவ ஒரு மேச்சு ஆடினதில்ல. வெறும் பிராக்டிஸ் மட்டும் பண்ணிருக்கா. நான் எட்டு வருசமா மேச்சு ஆடினவ. இதுல யாரு பெரிசு? ‘அப்ப எனக்கு என்ன வேல?’ன்னேன். ‘நீங்க சீனியருக்கா, கூடவே இருங்க. தண்ணி கிண்ணி பாத்துக்கிடணும்லா’ன்னா. தண்ணி. எட்டு வருசம் கோல்ல நின்னவளுக்குத் தண்ணிக் கொடம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்புடல. அழுதேன், ஏன் மறைக்கணும்? ஜெனோவா வந்து, ‘மைனி, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன், அவங்க கேக்கல’ன்னா. அத வேற தாங்க முடியல. எனக்குப் பரிஞ்சு பேச அவ யாரு?

அடுத்து நடந்ததுல நான் ஒரு பாவமும் அறியேன். அத மொதல்லயே சொல்லிருதேன். ஒருநா காலையில ஜெனோவா மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தவ, வாயப் பொத்திக்கிட்டுக் கொல்லைக்கு ஓடுனா. பித்தம். வெறும் வயித்துல கெடந்து பந்தடிச்சா பித்தம் ஏறாம என்ன செய்யும்? எனக்குப் பாத்த ஒடனே தெரியும் பித்தம்னு. ஏலக்கூடத்துல எங்ககூட மீன் எடுக்குத லூர்தம்மா மைனி, ‘வீட்டுல எல்லாரும் சொகமா?’ன்னு கேட்டாவ. ‘சொகந்தான், ஜெனோவாவுக்குத்தான் இன்னைக்கு மீன் வாடை ஆவல’ன்னேன். இது உள்ளதுதான? ‘ஓகோ’ன்னாவ லூர்தம்மா மைனி. நான் லேசாச் சிரிச்சேன். மனுசி சிரிக்கக் கூடாதா? ‘இந்த நேரத்துல பந்து கிந்துன்னு விழுந்து பொறளுதாளே, அதான் எனக்குப் பயமா இருக்கு’ன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னேன். அக்கறையிலதான் சொன்னேன். அவ்வளவுதான் நான் பேசுனது.

ஊரு வாய மூட உலைமூடி உண்டா? நான் வீடு வந்து சேருததுக்குள்ள எங்கம்மா பாயாசத்துக்கு ஜவ்வரிசி ஊறப் போட்டுட்டா. அமலன் தொழிலுக்குப் போன வள்ளத்துக்கே போன் போயிருக்கு. வந்து எறங்குனவன் ஜெனோவாவ நடக்கவே விடல, ஏதோ கண்ணாடிப் பாத்திரம் கணக்கா கையைப் பிடிச்சிக்கிட்டுத் திரியுதான். டெய்சி தலைமையில டீமே வந்து நிக்கி. ‘நீ இனி பந்துப் பக்கம் வரப்படாது’ன்னுட்டாளுவ. ஜெனோவாவுக்கு ஒண்ணும் வெளங்கல. ‘எனக்கு ஒண்ணுமில்லக்கா, யாரு சொன்னா இப்படி?’ன்னு ஒவ்வொருத்தி மூஞ்சியா பாக்கா. நான் ஜவ்வரிசிய வடிகட்டப் போயிட்டேன்.

மறுநா அவ பிடிவாதமா நிக்கா, நர்சம்மாகிட்டப் போயி ஒண்ணுமில்லன்னு எழுதி வாங்கிட்டு வந்து ஆடுவேன்னு. என்னையத் தொணைக்குக் கூப்புட்டா. எங்கம்மா, அமலன், லூர்தம்மா மைனின்னு ஒரு கூட்டமே பின்னால வந்துது. நர்சம்மா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, யாரு மொதல்ல சொன்னதுன்னு ஊரு தோண்டும். தோண்டுனா லூர்தம்மா மைனி, லூர்தம்மா மைனிக்கு அடியில நான். மாதாவே, என்னைக் காப்பாத்துன்னு செபமால சொல்லிக்கிட்டே போனேன்.

நர்சம்மா பாத்துட்டு வெளிய வந்தாவ. ‘உண்டாயிருக்கா. இவளுக்கே தெரியலயே, யாரு இவ்வளவு வெள்ளன கண்டுபிடிச்சது?’ன்னாவ.

லூர்தம்மா மைனி என்னையக் கை காட்டுனாவ, எல்லாரும் என்னையப் பாத்தாவ. எங்கம்மா அழுதுட்டா. ‘எம்மவளுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கு’ன்னு என் கன்னத்தப் பிடிச்சு முத்துனா. புளிக் குழம்பு வச்சவ கன்னத்த எட்டு வருசத்துல அன்னைக்குத்தான் முத்தியிருக்கா. அமலன், ‘யக்கா, நீ பாக்கலன்னா இவ இன்னும் விழுந்துக்கிட்டுல்லா இருப்பா’ன்னு கண்ணத் தொடைக்கான். கெடுவான் கேடு நெனைப்பான்னு சொல்லுவாவ. நான் நல்லது நெனைச்சேன், அது பலிச்சுது. இப்ப எங்க ஊர்ல புதுசாக் கல்யாணமானவளுவ என்கிட்ட வந்து, ‘எம்மூஞ்சியக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கக்கா’ன்னு நிக்காளுவ. நானும் பாத்துச் சொல்லுதேன். என்ன செய்ய?

சரி, கோல் திரும்பி வந்துட்டுன்னு நெனைச்சேன். எங்க வந்துது? டெய்சி சொல்லுதா, ‘யக்கா பிராக்டிஸே பண்ணல, ஒடம்பு கனத்துப் போச்சு. பேசாம ரீனாவ நிறுத்திப் பாப்போம்.’ ரீனா பின்னால நின்னு தடுத்து ஆடுத பிள்ள. அப்ப ஜெனோவாதான் முன்னால வந்தா. ‘மைனியே நிக்கட்டும். நான் மைனியத் தயார் பண்ணுதேன்’னா. நான் ஒத்துக்கிடல. யாரு என்னையக் கேட்டா? ‘நம்ம டவுன்ல காலேஜ் பிள்ளைங்களோட சும்மா ஒரு மேச்சு ஆடப் போறோம்லா, அதுல பாப்போம். யக்கா நல்லா நின்னா சீசன் முழுக்க யக்கா. இல்லன்னா ரீனா’ன்னு அவளுவளே பேசி முடிச்சுட்டாளுவ.

அன்னையில இருந்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். கடல்பக்கத்துக் கோல்ல நான் நிக்கேன். அவ என் கூடையில உக்காந்திருக்கா. என் கூடை, தங்கச்சி. ‘மைனி, இன்னொருக்க.’ ‘மைனி, கண்ண மூடாதீங்க.’ ‘டெய்சி யக்கா, இன்னும் கிட்ட வந்து அடிங்க.’ எங்க இருந்துதான் இந்தக் கொடும எல்லாம் படிச்சாளோ, புண்ணியவதி. பாத்தா அப்படித் தெரியமாட்டா. விழுந்து விழுந்து வாயெல்லாம் மண்ணு. பிராக்டிஸ் முடிஞ்சு வந்தா வெந்நி வச்சுத் தருவா, முதுகுல எண்ண தேய்ச்சு விடுவா. நான் அம்மா அம்மான்னு முனங்கிக்கிட்டுக் கெடப்பேன். எங்கம்மா அடுத்த அறையில இருந்து, ‘உண்டாயிருக்க பிள்ளையப் போட்டு வேல வாங்குதியேட்டி’ன்னு என்னைய ஏசுவா.

முந்தாநாத்துதான் அந்த மேச்சு. எங்க சீசன் மேச்சு எல்லாம் கடக்கரை மண்ணுலதான், இது பச்சப்பசேல்னு புல்லுத் தரை. பளிச்சுன்னு வெள்ளக் கோடு. எங்களுவ எல்லாம் மொதமொதலா பூட்ஸ் போட்டு, கோழிக்குஞ்சு சேத்துல நடந்த மாதிரி நடக்காளுவ. ஆனா ஆடுனாளுவ. டெய்சி ஒரு கோல் போட்டா. காலேஜ் பிள்ளைங்க அடிச்சது எல்லாத்தையும் நான் தடுத்தேன். எப்படித் தடுத்தேன்னு கேட்டா எனக்கே தெரியல, ஒடம்பு தானாப் போவுது. ஜெனோவா கோல் கம்புக்குப் பக்கத்துல கோட்டுக்கு வெளிய நின்னு கத்திக்கிட்டே இருக்கா. நான் காதுல வாங்கல.

முடியப் போற நேரம். ஒரு காலேஜ் பிள்ள அடிச்ச பந்து கோலுக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிய பாத்து பைய உருண்டு போவுது. வெளிய போச்சுன்னா பந்து நம்ம பந்து. நான் நிம்மதியா நிக்கேன். நம்ம ரீனா என்ன செஞ்சா தெரியுமா? ஓடிப் போயி, கோட்டத் தாண்டுததுக்கு முந்தி, குனிஞ்சு ரெண்டு கையாலயும் பந்தை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கா. விசில் ஊதிட்டாரு ரெப்ரி. பெனால்டி. ரீனாவுக்கு இன்னும் வெளங்கல. ‘சார், எடுக்கலன்னா கடலுக்குப் போயிரும் சார்’ங்கா. ‘எந்தக் கடலும்மா?’ங்காரு அந்த மனுசன். சுத்திப் பாத்தா ஆஸ்பத்திரிக் கட்டடமும் செல்போன் டவரும் நிக்கி. பாவம், எட்டு வருசப் பழக்கம். நான் அவள ஏசல.

பெனால்டின்னா என்னன்னு தெரியும்லா? அடிக்குதவ ஒருத்தி, தடுக்குதவ ஒருத்தி. மத்தவங்க எல்லாம் தள்ளி நின்னு வேடிக்க பாக்கணும். இது கோலாச்சுன்னா ரீனா கையப் பத்தி யாரும் பேசமாட்டாவ. பிரகாசி கோட்ட விட்டுட்டான்னுதான் பேசுவாவ. அதோட என் கதை முடிஞ்சுது, தண்ணிக் கொடந்தான். அந்தப் பிள்ள பந்தை வச்சு, பின்னால போயி நிக்கா. அப்ப ஜெனோவா கத்துதா: ‘மைனி, பீச்சாங்கைப் பக்கம். பீச்சாங்கைப் பக்கம்.’

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அடுக்களையை எடுத்தா. அம்மாவ எடுத்தா. கூடைய எடுத்தா. கடைசில நான் எந்தப் பக்கம் விழணும்னுகூட இவதான் சொல்லணுமா? இந்த ஒண்ணு என்னுதுன்னு நெனைச்சேன். சோத்தாங்கைப் பக்கம் பாஞ்சேன்.

பந்து சோத்தாங்கைப் பக்கம் வந்துது. கையில பட்டுக் கம்புல அடிச்சு வெளிய போச்சு, நானும் கம்புல போயி விழுந்தேன். அதான் இந்த முட்டி. செயிச்சோம். எல்லாவளும் ஓடி வாராளுவ. நான் கையத் தூக்கிக்கிட்டுக் கெடக்கேன், என்னையத் தாண்டி ஓடுதாளுவ. ஓடிப் போயி ஜெனோவாவச் சுத்திக்கிட்டு, ‘என்ன மூளைட்டி உனக்கு. அந்தப் பிள்ள உன் சத்தத்த நம்பி இந்தப் பக்கம் அடிச்சுட்டு பாத்தியா. நாத்துனாளும் தம்பி பொண்டாட்டியும் பேசி வச்சுட்டுல்லா வந்திருக்காளுவ’ன்னு ஒரே கும்மாளம். விழுந்தவ நான். கையக் குடுத்துத் தூக்க வந்தது அவ ஒருத்திதான்.

சாயங்காலம் வீட்டுல என் முட்டிக்கு மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டு இருந்தா. நான் கேட்டேன். ‘ஏட்டி, பந்து சோத்தாங்கைப் பக்கம் வரும்னு உனக்குத் தெரியாதுல்லா? தெரியாமத்தான கத்துன?’

‘தெரியும் மைனி. அவ காலு நின்ன நிப்புலயே தெரிஞ்சு போச்சு’ன்னா.

‘பொறவு ஏன் பீச்சாங்கைன்னு கத்துன?’

பத்தை அழுத்திக்கிட்டே சொல்லுதா. ‘நான் சோத்தாங்கைன்னு சொல்லியிருந்தா நீங்க பீச்சாங்கைப் பக்கம்லா விழுந்திருப்பீங்க. நான் குழம்புல புளி கூடன்னு சொன்னா நீங்க இன்னும் ஒரு உருண்ட கரைச்சு ஊத்துவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?’ன்னா. சொல்லிட்டு, ‘எனக்கு மீன் வாடை ஆவலன்னு ஊர்ல சொன்னீங்களே, எதுக்குச் சொன்னீங்கன்னு அன்னைக்கே தெரியும் மைனி’ன்னா. கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நான் எங்க சொன்னேன், லூர்தம்மா மைனில்லா சொன்னதுன்னேன். ‘ஆமா, அவங்கதான்’னுட்டு மஞ்சக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

எனக்கு ஒறக்கம் இல்ல தங்கச்சி. அந்த மனுசன்கூட அத்தன வருசம் ஒரே பாயில கெடந்தேன். நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன்னு அவருக்குத் தெரியாது. பெத்தவளுக்கு நான் எதுக்கு அழுதேன்னு தெரியாது. ஊர்ல ஒருத்தருக்கும் நான் என்ன செய்வேன்னு தெரியாது, தெரிஞ்சுக்கிடணும்னு யாரும் நெனைச்சதும் இல்ல. நேத்து வந்தவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுல எனக்குக் கோவமா சந்தோசமான்னு நீங்க கேட்டா, கோவம்தான். கோவம்தான்னு நெனைக்கேன்.

டெய்சி நேத்து வீட்டுக்கு வந்தா. ‘சீசன் முழுக்க நீங்கதான்க்கா கோலு. ஆனா ஒண்ணு, ஜெனோவா கம்புக்குப் பக்கத்துலயே நிக்கணும். நீங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் சரியாருக்கு’ன்னுட்டுப் போறா. நான் தலைய ஆட்டிட்டேன். என் கோலு எனக்குக் கெடச்சுட்டு. அது வரைக்கும் சரிதான்.

ஏன் எந்திரிக்கீங்க, உங்க ஸ்டாப்பா? இருங்க, வண்டி இன்னும் நிக்கல. நியாயம் சொல்லுதேன்னு தலையாட்டுனீங்கல்லா. ஞாயித்துக்கெழமை அங்க நிக்கப் போறேன். ஒரு பெனால்டி வருதுன்னு வச்சிக்கிடுங்க. அவ பீச்சாங்கைன்னு கத்துவா. அவ சொன்ன பக்கம் விழுந்தா அவ பேச்சக் கேட்டதாயிரும். மாத்தி விழுந்தா, அதுக்குத்தான் அவ கத்துனது, அப்பவும் அவ பேச்சத்தான் கேட்டிருப்பேன். விழாமலே நின்னா கோலாயிரும். பாத்து எறங்குங்க, படி ஒசரம். நான் எந்தப் பக்கம் விழ, அதச் சொல்லிட்டுப் போங்க தங்கச்சி.